முன்வரிசைக்கு மூன்றாவது ஆள்

மே 10, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, போன வாரம் போனில் உன் இருமலைக் கேட்டாயிற்று. மருந்துக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்துக்கொண்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள உனக்கு நேரமில்லை.

இந்த உறையில் நேற்றைய ஆட்டத் தாள் இருக்கிறது. ரெஃப்ரி, இரண்டு கேப்டன்கள், நான் என்று எல்லோர் கையெழுத்தும் உண்டு. பதினோரு வருடமாக ரக்பி யூனியன் உறைக்குள் வீட்டுக் கதையையும் மடித்து வைத்து அனுப்புகிற ஒரே கிளப் செயலாளர் நான்தான். இந்தத் தடவை கதையோடு ஒரு விண்ணப்பமும் இருக்கிறது.

எங்கள் முன்வரிசை உனக்குத் தெரியும். ஸ்க்ரமில் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிர் டீமோடு தலை கொடுத்துத் தள்ளப் பழகியவர்கள் மொத்தமே நாலு பேர். பேக்கரிக்காரரை விட்டால் மற்ற மூன்று பேரும் ஒரே கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறவர்கள். இன்று காலையில் கம்பெனியில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பத்து நாள் லோடு, கிளம்பு என்று அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இரண்டு பேர். வரிசைக்கு மூன்று பேர் வேண்டும், பழகாதவரை நிறுத்தவும் கூடாது; ஓர் ஆள் குறைகிறது. வருகிற சனிக்கிழமை ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் போதும், எதிர் டீமும் சரி என்று சொல்லிவிட்டது.

தேதி மாற்ற ஏழு நாள் முன்னால் கேட்க வேண்டும் என்பது நீ எழுதிய விதி. இன்றைக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. ஆனால் யூனியன் செயலாளர், அதாவது நீ, மனது வைத்தால் மாற்றலாம் என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறாய். மார்ச்சில் பேக்கரிக்காரருக்குத் தோள் பிசகி, லாரிக்காரர் ஒருத்தரும் வெளியூர் போய்விட, ஒரு ஆட்டத்தை ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருக்கிறோம். இன்னொன்று போனால் லீக்கை விட்டே தூக்கிவிடுவீர்கள். அப்புறம் என் பையன்களை மற்ற கிளப்புகள் ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டுக்கொள்ளும்.

உன் மாமா கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருக்கிறார், இவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து எனக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. "சட்டாம்பிள்ளைய ரொம்பத் தொந்தரவு பண்ணாதே"ன்னு சொல்கிறார். நான் பண்ணுவேன்.

உன் அக்கா

மே 12, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டேன். இருமல் பாதி போய்விட்டது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் உனக்குப் பிடிக்காது. ஆறு நாள் ஏழு நாள் ஆகாது, அக்கா. பன்னிரண்டு கிளப்பும் என் மேல் கண்ணாக இருக்கிறது. அட்டவணைப் பலகையில் உன் கிளப்பின் பச்சை அட்டையைத் தொட்டாலே பின்னால் யாராவது கனைக்கிறார்கள். போன கூட்டத்தில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "அக்கா டீமுக்கு எல்லாமே வீட்டு மைதானமா இருக்கே, எப்படி"ன்னு கேட்டார். எண்ணிப் பார்த்தேன், மற்றவர்களுக்கு இருக்கிற அளவுதான் உனக்கும். இருந்தாலும் அந்தக் கேள்வி உறுத்துகிறது.

இந்த சீசனில் யாருக்கும் இந்த விதியைத் தளர்த்தவில்லை. உனக்கு மட்டும் தளர்த்தினால் நான் இந்த நாற்காலியில் உட்கார முடியாது. எப்படியாவது ஒரு ஆளைப் பிடி. பழைய ஆட்டக்காரர்கள் யாராவது கிடைக்க மாட்டார்களா? வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பட்டியலைப் போனில் அனுப்பிவிடு. முன்வரிசைக்குப் பழகியவர்கள் பெயருக்கு எதிரே டிக் போட மறக்காதே.

கோபித்துக்கொள்ளாதே. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

மே 19, செவ்வாய்

தம்பிக்கு,

போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு மீதியைச் சொல்ல முடியவில்லை.

ஆளைத் தேடினேன். நாலு பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டேன். ஒருத்தருக்கு முட்டி, ஒருத்தருக்கு ரத்த அழுத்தம், இரண்டு பேர் போனையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடையில் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். உன் மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னையப் போடு. பயிற்சியில ரெண்டு தடவ நின்னிருக்கேன்ல"ன்னு சொன்னார். விளையாட்டுக்கு நின்றது அது. அவர் மைதானத்தின் ஓரத்தில் பந்தோடு ஓடுகிறவர். நாற்பத்தொரு வயதில் இன்னும் ஓடுகிறார் என்பதே எங்களுக்குப் பெருமை. அவர் கழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாகக் காலரைச் சரி பண்ணிவிடுகிறேன்.

பேனா என் கையில் இருந்தது. டிக் போட்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஸ்க்ரம் சரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை. பேக்கரிக்காரர்தான் யாரும் தொட வேண்டாம் என்று கத்தினார். ஆட்டம் அங்கேயே நின்றது.

கை கால் அசைகிறது. கழுத்துக்கு வளையம் போட்டிருக்கிறார்கள். வலது கை விரல்கள் மட்டும் மரத்திருக்கின்றன. நரம்பு நசுங்கியிருக்கிறது, பார்க்கலாம் என்கிறார் டாக்டர். எவ்வளவு நாள் பார்க்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆட்டத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். யாரிடம் கேட்டாலும் அந்த டிக் என் கையெழுத்துதான்.

அக்கா

மே 23, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

புதன்கிழமை வந்தபோது உன்னிடம் ஒழுங்காகப் பேச முடியவில்லை. மாமா என்னைப் பார்த்ததும், "என்னப்பா, ஆட்டம் பாதியில நின்னா பாயின்ட்டு யாருக்கு?"ன்னு கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கீழே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பாதுகாப்புக் குழு ஜூன் ஆறாம் தேதி விசாரிக்கிறது. மூன்று பேர், எல்லோரும் நல்லவர்கள். உனக்கு ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. அவர் பயிற்சியில் நின்றது உண்மைதானே. அதை மட்டும் எழுதினால் போதும். நல்ல நம்பிக்கையில் போட்ட டிக் என்று முடித்துவிடுவார்கள். கிளப்புக்கு ஒன்றும் ஆகாது, உனக்கும் ஒன்றும் ஆகாது.

சத்து மாவும், சாய்ந்து உட்கார ஒரு தலையணையும் அனுப்பியிருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

உன் தம்பி

ஜூன் 4, வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

தலையணை வந்தது, வசதியாக இருக்கிறது. சத்து மாவை அவர் தொட மாட்டேன் என்கிறார், குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று நான் குளித்துக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்க முடியாமல் கீழே கடைக்குப் போயிருக்கிறார். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார். நான் இறங்கி வந்தபோது தரையெல்லாம் ரத்தம். "எங்கேருந்து வருதுன்னு நானும் தேடிட்டு இருக்கேன்"ன்னு சொன்னார். விரல் கிழிந்தது அவருக்குத் தெரியவே இல்லை. இருபது வருடமாக அந்த விரலால் தடவியே ஓரம் சரியா இல்லையா என்று சொல்கிறவர். கட்டுப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நன்றாக அழுதேன்.

இன்னொரு கூத்து. குழுவிடம் தானே டிக் போட்டதாகச் சொல்லப் போகிறாராம். "நீ கடைய விட்டு அந்தப் பக்கம் போனே, நான் போட்டுட்டேன். யாருக்குத் தெரியும்?"ன்னு கேட்கிறார். எனக்குத் தெரியும் என்றேன். நான் செய்ததற்கு அவர் கழுத்தையும் கொடுத்துவிட்டுப் பொய்யையும் கொடுப்பாரா? குழுவுக்கு நேற்றே எழுதி அனுப்பிவிட்டேன். தெரிந்தேதான் போட்டேன், லீக்கில் இடம் போய்விடுமே என்று போட்டேன் என்று எழுதினேன். நீ சொன்ன மாதிரி எழுதவில்லை. உன் அக்கறை புரிகிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்று வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உனக்குள் என்னவோ அரிக்கிறது என்று நினைக்கிறேன். தேதி மாற்றித் தரவில்லையே என்று வருத்தப்படாதே. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்காக நீ வளைத்திருந்தால் அது தப்பு. நீ உன் வேலையைச் சரியாகச் செய்தாய், நான்தான் என் வேலையைத் தப்பாகச் செய்தேன். இதை நீ மனதில் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

உன் அக்கா

ஜூன் 9, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

குழுவின் முடிவு உனக்கு வந்திருக்கும். இரண்டு வருடம் நீ பட்டியலில் கையெழுத்துப் போடக் கூடாது, கிளப் லீக்கிலேயே இருக்கலாம். அதைப் படித்துக் காட்டியபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன், குறிப்பு எடுத்துக்கொண்டு.

உன் போன கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக அலைகிறேன். 'விதி எல்லோருக்கும் ஒன்றுதான்' என்று எழுதியிருக்கிறாய். இல்லை, அக்கா.

ஏப்ரல் கடைசியில் துறைமுக கிளப் தேதி மாற்றம் கேட்டது. ஆட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவர்களுக்கும் உன் மாதிரியே முன்வரிசைதான் பிரச்சினை, இரண்டு பேருக்குக் கப்பலில் வேலை. போனில் கேட்டார்கள், அப்போதே சரி என்று சொல்லிவிட்டேன். அட்டையைக் கழற்றி அடுத்த வாரத்தில் குத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதம் வந்தபோது அது ஞாபகம் இருந்தது. நன்றாகவே ஞாபகம் இருந்தது. யாருக்கும் தளர்த்தவில்லை என்று எழுதியது பொய்.

நீ வேறு யாராவதாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். அக்காவுக்கே கொடுக்காதவன் என்று அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பேசினார்கள். ஒருத்தர் வந்து கை குலுக்கினார், எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அது வெள்ளிக்கிழமை காலை. மதியம் உன் பட்டியல் வந்தது. மாமா பெயருக்கு எதிரே டிக்கைப் பார்த்தேன். மாமா எந்த இடத்தில் ஆடுகிறவர் என்று எனக்கும் தெரியும்தானே. ஒரு போன் பண்ணியிருந்தால் போதும். அக்கா எப்படியோ வழி பண்ணிக்கொண்டாள் என்று நினைத்தேன், பண்ணவில்லை.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நீ சொன்னால் நாளைக்கே கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து மாமாவிடம் நேரில் சொல்கிறேன். என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

ஜூன் 12, வெள்ளி

தம்பிக்கு,

எழுதாமல் இருக்காதே என்றாய், அதனால் எழுதுகிறேன்.

ராஜினாமா செய்யாதே. அது உனக்கு ஆறுதலாக இருக்கும், எனக்கு அதனால் ஒன்றுமில்லை. அங்கேயே உட்காரு. தேதி மாற்றம் கேட்டு எவனாவது போன் பண்ணும்போது எடுத்துப் பதில் சொல்லு.

டிக் நான் போட்டதுதான். அதை உன் தலையில் இறக்கிவைத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கப் போவதில்லை. ஆனால் உன் பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, தம்பி பாவம், அவன் வேலை அப்படி என்று ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் பார், இனி அது முடியாது. நான் உன் அக்காவாக இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருப்பார். காலையில் போட்டுவிடும்போது ஒவ்வொரு பொத்தானுக்கும் இதுதான் நினைப்பு.

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் மன்னித்துவிடுவார், அவர் அப்படித்தான். "சின்னப் பையன், பயந்துட்டான்"ன்னு சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். அவர் மன்னித்துவிட்டால் நானும் மன்னித்தாக வேண்டும். அதனால் நீயும் அவரிடம் சொல்லக் கூடாது. அவருக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். இருக்கிறதெல்லாம் அவரிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது, அது ஒன்றாவது இருக்கட்டும்.

பட்டியலை இனி பேக்கரிக்காரர் அனுப்புவார். ஆட்டத் தாளும் அவர்தான். உறைக்குள் வேறு ஒன்றும் இருக்காது.

"ஞாயித்துக்கெழம தம்பிய வரச் சொல்லேன், பேசிட்டு இருக்கலாம்"ன்னு நேற்றும் கேட்டார். உனக்கு அன்றைக்கு வெளியூரில் ஆட்டம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமும் கேட்பார், அதற்கும் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். நீ வராதே.

அக்கா