எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

தொழிற்சாலையில் ஒரு சின்னக் கலாட்டா. எந்த இயந்திரத்தில் எத்தனை பேருக்கு அடிபட்டது என்று மாதந்தோறும் நான் அட்டவணை போடுவேன். வெறும் எண்களை யாரும் படிப்பதில்லை. அதனால் இந்த முறை ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் எண் மாதாமாதம் ஏறி இறங்குவதைக் காட்டும் நகத்தளவு கோட்டுப்படம் ஒன்று சேர்த்தேன். தகடு வெட்டும் இயந்திரத்தின் கோடு மட்டும் செங்குத்தாக ஏறியது. கூட்டத்தில் முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பிரிவின் மேலாளர் என் மேசைக்கு வந்தார். "என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே" என்று கத்தி, கணினித் திரையைத் தரையில் அடித்து உடைத்தார். பிறகு என் இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தார். கீழே விழுந்த என்னை உதைக்கக் காலைத் தூக்கினார். அந்த இயந்திரத்தில் விரல்களை இழந்த வெல்டர் அண்ணன்தான் ஓடிவந்து, அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்.

"அவ கோடுதான் போட்டா. அதை ஏத்தினது நீ."

இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். மேலாளரைப் போலீஸ் கூட்டிப்போனது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வீக்கம் வடிந்துவிட்டது. போனை மட்டும் இனி காது மாற்றிப் பிடிக்கிறேன். விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள் அப்பா, வலது காது நன்றாகவே கேட்கிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்