கடைசி பெஞ்சில் அந்த அப்பா

டீச்சர்,

இன்று காலை கரும்பலகையைத் துடைக்க ஒரு மாணவி புது பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்தாள். அந்தச் சாய வாசனையில் நீங்கள் வந்து நின்றீர்கள். நீங்கள் இறந்துபோய் மூன்று மாதமாகிறது.

இருபது வருடத்துக்கு முன் மண்ணரைப் பள்ளியில் நாம் இருவரும் அறிவியல் பாடம் நடத்தினோம். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு உங்களுக்கு, 'ஆ' எனக்கு. இனப்பெருக்கப் பாடம் வந்தால், "ஊட்ல படிச்சுக்குங்க" என்று நான் தாண்டிவிடுவேன். நீங்களோ பையன்களையும் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்து, இதயத்தையும் நுரையீரலையும் நடத்திய அதே குரலில் அதையும் நடத்தினீர்கள்.

ஒரு மாணவியின் அப்பா கோபமாக வந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "ஏனுங்க டீச்சர், வயசுப் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற பாடமுங்களா இது?" சத்தம் கேட்டு நான் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றேன். நீங்கள் பதறவே இல்லை.

"உள்ள வந்து உக்காருங்க. நான் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னாலும் சொல்லுங்க, நிறுத்திடறேன்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் தலையைத் தூக்கவில்லை.

மாதவிடாய் அழுக்கில்லை என்றீர்கள். ஒரு பையன்கூடச் சிரிக்கவில்லை. பிறகு, "உங்களுக்குப் பிடிக்காம யாரு உங்களத் தொட்டாலும் வெளிய சொல்லுங்க கண்ணு. தப்பு தொட்டவங்க மேல, உங்க மேல இல்ல" என்றீர்கள்.

மணி அடித்தது. பிள்ளைகள் போன பிறகும் அவர் எழவில்லை.

"கம்பெனியில ஒருத்தன் கையப் புடிச்சு இழுத்தான்னு என் தங்கச்சி வந்து சொன்னாளுங்க. நான் அவளைத்தான் அடிச்சேன். அவகூடப் பேசி நாலு வருசமாச்சுங்க."

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. "இன்னிக்கே போய் அவங்ககிட்டப் பேசுங்க" என்றீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவர் தங்கையோடு வந்தார். அந்தப் பாடம் தேவையா என்று தலைமையாசிரியர் இழுத்தபோது எழுந்து நின்றார். "எல்லா வகுப்புக்கும் நடத்துங்க. எனக்கெல்லாம் இது அப்பவே தெரிஞ்சிருக்கோணும்." ஒரே ஒரு வகுப்பு நேரம். ஒரு அண்ணன் தங்கையிடம் திரும்பிவிட்டான்.

மறுநாள் நானும் அந்தப் பாடத்தை எடுத்தேன். முதல் சொல்லை முணுமுணுத்தேன். "கேக்கலீங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. சத்தமாகச் சொன்னேன்.

நேற்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க." பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரு கண்ணு, சொல்லு" என்றேன். பாதி உங்கள் குரலாக இருந்தது.