சொட்டுகிற ஸ்டியரிங்கோடு மொனராகலைக்கா?

ஜூலை 3, வியாழன்

வேனுக்கு அடியில் எண்ணெய். உள்ளங்கையளவு. குனிந்து பார்த்தால் ஸ்டியரிங் பொக்ஸிலிருந்துதான் சொட்டுகிறது. போன மாதம் ஸ்டியரிங் முனகியது. மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன், ரெண்டொரு நாளில் முனகல் நின்றுபோனது. தேங்காயை இன்னும் உடைக்கவில்லை. அதற்குத்தானா இது?

எதற்கும் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் போட்டிருக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

அட்டை நனைந்திருக்கிறது. நாசமாப் போக.

ஜூலை 5, சனி

பதுளைக்குப் போய் லத்தீப் நானாவிடம் காட்டினேன். வேன் வாங்கிய நாளிலிருந்து எனக்கு அவருடைய கராஜ்தான். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். பொக்ஸைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களை மட்டும் மாற்றுவது ஒன்று. கொழும்பிலிருந்து வேறு பொக்ஸ் வருவித்து மாட்டுவது மற்றது. உள்ளே இருக்கும் தண்டு தேய்ந்திருந்தால் ரப்பர் மாற்றியும் பயனில்லை, மறுபடி சொட்டும். தேயாமல் இருந்தால் ரப்பரே போதும். வேறு பொக்ஸ் எப்போது வரும் என்று கேட்டேன். மாதக் கடைசி ஆகுமாம்.

மாதக் கடைசியா? பத்தொன்பதாம் தேதி மொனராகலையில் மாகாணக் கரப்பந்துப் போட்டி. எங்கள் தோட்டப் பாடசாலைப் பெண் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. என் மகள் மதுஷாவும் அணியில் இருக்கிறாள். எல்லாரையும் என் வேனில் கூட்டிப்போவதாக டீச்சரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள் நான். பஸ்ஸை நம்பினால் முதல் ஆட்டத்துக்குப் போய்ச் சேர முடியாது. சொட்டுகிற ஸ்டியரிங்கோடு அந்த வளைவுகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கவும் மாட்டேன். அப்புறம் என்னதான் செய்வது?

ஜூலை 6, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் கணபதிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் வேலை. ரோலருக்கு ஊற்றும் எண்ணெயில் மீந்ததை ஒரு போத்தலில் கொண்டுவந்து வைத்திருப்பார். கதவு கீச்சிட்டால் அது, தையல் மெஷின் அடம்பிடித்தால் அது. ஒருநாள் தன் முழங்காலுக்கே தடவிக்கொண்டார். எதையும் லேசில் தூக்கிப் போடாத மனிதர். அப்படிப்பட்டவர் இன்று யோசிக்காமல் சொல்கிறார்: "வேற பொக்ஸே போட்டுரு, பாக்கியம். உள்ளுக்க எல்லாம் போயிருக்கும்."

திறந்து பார்க்காமலே எப்படித் தெரியும்? கேட்டால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார்.

எனக்கு வந்த கோபம்! நான் ஓட்டும் வேனில் ஒருநாளும் ஏறாத மனுசன். லுணுகலைக்குச் சாமான் வாங்கப் போனாலும் பஸ்தான். பொண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனால் தோட்டம் சிரிக்குமாம். பொக்ஸைப் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், என் ஸ்டியரிங் பொக்ஸ்தான் பேச்சாம். கொழுந்து பறிக்கும் தனலெட்சுமி வந்து சொன்னாள். ரப்பர் கட்சி ஒரு பக்கம், பொக்ஸ் கட்சி ஒரு பக்கம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாதாடியிருக்கிறார்கள். கங்காணி ரப்பர் கட்சி. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஜூலை 11, வெள்ளி

முடிவெடுத்தாயிற்று — இல்லை, எடுக்கவில்லை. ரப்பர் மாற்றி, பாதி வழியில் மறுபடி சொட்டினால்?

மதுஷா விளையாடிவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் கேட்கிறாள், வேன் வரும்தானே என்று. வரும் என்றேன். வாய் சொல்லிவிட்டது, இனி வேன்தான் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை பொக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தண்டு எப்படியோ, அப்படி.

ஜூலை 14, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பொக்ஸைத் திறக்கப்போகிறார்கள் என்றதும் இவர் லீவு போட்டுவிட்டு கராஜுக்கே வந்து நின்றார். பஸ்ஸில்தான். லத்தீப் நானா பொக்ஸைக் கழற்றி எண்ணெயை வடித்தார். சிவப்பாக வர வேண்டியது, தேன் நிறத்தில் கொழகொழவென்று வந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"இது ஸ்டியரிங் எண்ணெ இல்லியே தங்கச்சி. யாரு ஊத்தின?"

நான் ஊற்றவில்லை. திரும்பினால், இவர் கராஜ் கூரையை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

"நான்தான்" என்றார் கடைசியில். "போன மாசம் மொனகுச்சில்ல, நீ பயந்து பயந்து ஓட்டுன. வேலைக்குப் போறப்ப ரோலர் எண்ணெய கொஞ்சங்கொஞ்சமா ஊத்துனேன். இப்ப மொத்தமா கெடுத்துட்டேன்னு நெனச்சேன்."

அதனால்தான் வேறு பொக்ஸ்! முனகலை நிறுத்தியது மாரியம்மன் இல்லை, இந்த மகராசன்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். வந்தது சிரிப்பு. நான் பயந்து ஓட்டியதை யாரிடமும் சொல்லவில்லை, மதுஷாவிடம்கூட. இவர் எங்கே நின்று பார்த்தார்? விடியற்காலைக் குளிரில் போத்தலோடு வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைத்தால் — சந்தோஷமாக இருக்கிறது. எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

லத்தீப் நானா தண்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஒத்துக்கொள்ளாத எண்ணெயில் ரப்பர்தான் ஊறி வீங்கிக் கசியவிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் கழுவி, ரப்பர் மாற்றி, சரியான எண்ணெய் ஊற்றினால் போதும் என்றார். ரப்பரே போடுங்கள் என்றேன். கங்காணிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், அவர் கட்சி ஜெயித்துவிட்டது என்று.

ஜூலை 16, புதன்

வேன் வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்கு ஒரு விரல் போதும். அடியில் புது அட்டை.

ஜூலை 17, வியாழன்

காய்ந்த அட்டை!

ஜூலை 18, வெள்ளி

இன்றும் காய்ந்த அட்டை. மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். வேலை செய்தது அவள் இல்லை என்றாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான். நாளைப் பயணத்துக்குச் சக்கரங்களுக்கு வைக்க இவர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருக்கிறார். ரோலர் எண்ணெய்ப் போத்தலை நான் ஒளித்துவைத்துவிட்டேன். கதவு கீச்சிடுகிறதே என்கிறார். கீச்சிடட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை, அவ்வளவு களைப்பு. பிள்ளைகள் அரையிறுதி வரை போய்த் தோற்றார்கள். மதுஷா கொஞ்சம் அழுதாள். திரும்பி வரும்போது எல்லாருமாகப் பாடிய பாட்டில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது.

புறப்பட்டது பெரட்டு நேரம். டீச்சரும் பிள்ளைகளும் பின்னால் ஏறிவிட்டார்கள். வேனை எடுக்கப் போகிறேன், முன்கதவு திறக்கிறது. இவர். கல்யாணத்துக்குப் போகிற சட்டை. தோட்டமே பார்த்துக்கொண்டிருக்க, என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கங்காணி சிரித்தார். தனலெட்சுமி கை தட்டினாள்.

"ஸ்டியரிங்க கவனிக்கணும்ல" என்றார் இவர், யாரையும் பார்க்காமல்.

லுணுகலை தாண்டி வளைவுகள் தொடங்கின. எவ்வளவு லேசாகத் திரும்புகிறது பாருங்கள் என்று சொல்லத் திரும்பினேன். வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். மொனராகலை வரும்வரை எழும்பவே இல்லை.