அம்மாவின் சுவிட்ச்

குட்டிம்மா,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். சூடுபண்ணிச் சாப்பிடு.

வாசல் பலகையில் ஆளுக்கொரு சுவிட்ச், ஆளுக்கொரு விளக்கு. வீட்டில் இருப்பவரின் விளக்கு மட்டும் எரிய, அம்மா மைக்ரோகண்ட்ரோலர் சில்லு வைத்துச் செய்தது. அம்மா இறந்ததிலிருந்து எரியாத அவள் விளக்கை நேற்று நீ போட்டிருந்ததைப் பார்த்துக் கத்திவிட்டேன். "நீங்க வர்ற வரைக்கும் தனியா இருக்கப் பயமா இருந்துச்சுப்பா" என்றாய். அதைக் கேட்டும் வயரைப் பிடுங்கினேன். தப்பு என்னுடையது.

காலையில் திரும்ப மாட்டியபோது, மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் ரெசிஸ்டரை மறந்துவிட்டேன். அந்தப் பச்சை எல்.இ.டி. விளக்கு கருகிவிட்டது. அம்மா இருந்திருந்தால், "பெரிய இன்ஜினியராம்!" என்று சிரித்திருப்பாள். வீட்டில் வேறு பச்சை இல்லை, வெள்ளை போட்டிருக்கிறேன். ரெசிஸ்டரோடுதான்.

பயமாக இருந்தால் அம்மாவின் சுவிட்சை அமுக்கு.

அப்பா

பி.கு.: நான் வந்த பிறகும் அணைக்காதே. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.