இடம் மாறிய இன்சோல்

என்னங்க,

ஷூ மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. சனிக்கிழமை ஷூவைத் துவைச்சுக் காயவெச்சேன்ல, உங்க குதிகாலுக்கு அடியில வைக்கிற இன்சோல் மெத்தையைத் திரும்ப வெச்சப்ப இடதை வலதுலயும் வலதை இடதுலயும் வெச்சுத் தொலைச்சிருக்கேன். மேடான ஓரம் வெளிப்பக்கம் வரணும், உள்பக்கம் வந்திருக்கு. முட்டி தேய்ஞ்சு வளைஞ்ச காலை அது இன்னும் வெளியே தள்ளியிருக்கு. இப்ப வேலைக்குக் கிளம்புறப்பதான் கண்ணுல பட்டுது. சரியா மாத்திட்டேன்.

ஞாயித்துக்கிழமை படியில நீங்க தள்ளாடினப்ப, "பயிற்சியை ஒழுங்கா செஞ்சா ஏன் இப்படி ஆகுது? எல்லாம் சோம்பேறித்தனம்"னு என் தம்பி முன்னாடியே கத்தினேன். அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு மடங்கு பயிற்சி செஞ்சீங்க.

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். பயிற்சி சொல்லித்தர்ற பொண்ணு பத்து மணிக்கு வருவா, கேட் சாவி ஜன்னல் ஓரம் இருக்கு. தப்பு என்னோடதுன்னு அவகிட்ட சொல்லிடுங்க. தம்பிகிட்ட நானே சொல்லிடுறேன். உங்களை எழுப்பிச் சொல்லத்தான் வந்தேன், முகத்தைப் பார்த்ததும் தைரியம் வரல.

இன்னொண்ணு. ஒத்தக் கால்ல நிக்கிற பயிற்சியை நான் வர்ற வரைக்கும் செய்யாதீங்க. நான் கத்தினதுலேர்ந்து என் தோளை விட்டுட்டுச் சுவரைத்தான் பிடிச்சுக்கிறீங்க. இன்னிக்கு என் தோளைப் பிடிச்சுக்கோங்க.