பில்லையை மறந்தவன் பாதுகாப்பு அதிகாரி

ஜெய்தூன்,

நீ நர்கீஸ் வீட்டிலிருந்து திரும்புமுன் மலை பஸ் போய்விடும். வெஞ்சனம் சட்டியில் இருக்கிறது, பீரோ சாவி அரிசிப் பானைக்குள். சனாவுல்லா ஆயக்குடி கொய்யா கொண்டுவந்தால் வாங்கி வை.

இன்று ஏரி கிளப் நடத்தும் பாய்மரப் படகுப் போட்டிக்கு நான்தான் பாதுகாப்பு அதிகாரி! கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி. முப்பது வருசம் அந்தக் கொடிக்கு ரயிலே நின்றது, இனி ஏரி அலையும் நிற்கும். நீயோ, "பில்லைய மறந்துட்டு வந்த மனுசனையா போட்டாக? வேற ஆளே கெடைக்கலையா?" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாய்.

மறந்ததால்தான் போட்டார்கள். படகில் ஏறுமுன் அவரவர் நம்பர் பில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும், கரையேறியதும் எடுக்க வேண்டும். போன போட்டியில் நான் எடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன். பில்லை பலகையில் தொங்கினால் ஆள் இன்னும் தண்ணீரில் என்று கணக்கு. ஆயிரம் பேர் (சரி, ஒன்பது பேர்) பொழுது சாயும்வரை ஏரியைத் துழாவினார்கள். பில்லையை எடுக்காதவருக்கு அடுத்த போட்டியில் படகு கிடையாது, கரைக் காவல்தான் என்று இப்போது புது விதியே வந்துவிட்டது. அதை எல்லாரும் 'வாஹித் விதி' என்கிறார்கள். எந்தக் கவர்னருக்குக் கிடைக்கும் இது?

கடைசிப் பில்லையை எடுக்கும்வரை நான் கரையைவிட்டு நகரக்கூடாது. நாளைக் காலைதான் வருவேன்.

வாஹித்

அடியில் கொஞ்சம் இடமிருக்கிறது. நான் ஏரியில் காணாமல் போனதாக மறுநாள் வந்த தந்தியை நானேதான் உனக்கு வாசித்தேன். எதிரில் உயிரோடு இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். இனி அப்படி அழவைக்க மாட்டேன். இதைக் கிளப் விதியில் சேர்க்க முடியாது, இங்கே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்துல் வாஹித்