வெங்காயத் தறையில் படுத்திருந்தவர்கள்

மாசி 4, செவ்வாய்

காலையில் பனி, பிறகு கொளுத்தும் வெயில். வெங்காயத்துக்குள் புல்லுப் பிடுங்கப் புவனமக்காவும் இன்னும் மூன்று பெண்களும். தேத்தண்ணீர் குடித்து முடியவில்லை. பக்கத்து விமானத்தளத்து ஓடுபாதையில் இறங்க வந்த சின்ன விமானத்தின் சத்தம் சட்டென்று நின்றது. நேரே எங்கள் தோட்டத் தறைக்கு மேல். பதிவாக, பனை உயரத்தில்.

"படுங்கோ!" கத்தியது நான்தான். எல்லோரும் குப்புற. காதுக்குள் விரல், வாய் திறந்தபடி. குண்டு போட வந்த காலத்தில் பழகின உடம்பு.

விமானம் பக்கத்துப் பனங்கூடலுக்குள் போய் மரங்களில் மோதியது. எழும்பப் போனேன். புவனமக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தா.

"எழும்பாதை பிள்ளை, மற்றது வரும்."

மற்றது எங்கே வரும்? சண்டை முடிந்து எத்தனை வருடம்! ஆனாலும் படுத்தே கிடந்தோம். ஆமிக்காரர் ஓடிவந்த பிறகுதான் எழும்பினோம்.

விமானத்தில் வந்த இருவரில் ஒருவர் செத்துப்போனார். மற்றவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. இரவுக்குச் சோறு வைக்கவில்லை; கடையில் வாங்கின பாண்.

மாசி 5, புதன்

தறையெல்லாம் ஆட்கள். போனில் படம் பிடிக்கிறார்கள், வெங்காயத்தை மிதிக்கிறார்கள். ஏசித் துரத்தினேன். எஞ்சின் பழுதாம். பயிற்சி விமானம். செத்தது படிக்க வந்த பெடியன், தப்பியது படிப்பிக்கிறவர். இரண்டு பேரும் தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள்.

பின்னேரம் தண்ணீர் இறைக்கும்போது மோட்டர் நின்றது. கரண்ட் போனதுதான். நான் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடக்கிறேன்!

என் மனுசன் வந்து தூக்கினார். "உனக்கென்ன விசரே?" என்றார். பிறகு அவரே சேற்றில் என் பக்கத்தில் இருந்துவிட்டார்.

மாசி 7, வெள்ளி

மதி போன் எடுத்தாள். என் மகள், ஆஸ்பத்திரியில் தாதி. அந்த விமானி கிடக்கிற வாட்டில்தான் வேலை.

"அம்மா, அந்தாள் கண் முழிச்ச நேரம் தொட்டு ஒண்டையேதான் கேக்குது. தோட்டத்திலை எத்தினை பேர் செத்தது எண்டு."

"ஒருத்தரும் சாகேல்லையே!"

"நானும் சொல்லிப்போட்டன். நம்பாதாம். பொம்பிளையள் விழுந்து கிடந்ததைத் தான் கண்டதாம்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். எஞ்சின் நின்றதும் எங்கள் தறையில்தான் இறக்கப் பார்த்தாராம். மண் மெத்தென்று இருக்கும், ஆட்கள் ஓடி விலகுவார்கள் என்று நினைத்தாராம். நாங்கள் ஓடவில்லை. அதனால்தான் பனைப் பக்கம் திருப்பினாராம்.

ஓடியிருந்தால் அந்தப் பெடியன் உயிரோடு இருந்திருப்பான். ஐயோ, அந்தக் காலத்தில் ஓடினதுகள்தானே செத்தது!

புவனமக்காவுக்குச் சொல்லவில்லை. அவ தாங்கமாட்டா.

மாசி 9, ஞாயிறு

வானம் மூட்டம். ஆஸ்பத்திரிக்குப் போனேன், இளநீர் கொண்டு.

சின்ன ஆள். இவரா படிப்பிக்கிறவர்? இரண்டு காலிலும் கட்டு. மதி சிங்களத்தில் சொன்னாள், தோட்டத்துக்காரி இவதான், என்னுடைய அம்மா என்று. என் கையைப் பிடித்தவர் விடவில்லை. முழங்கைக் காயத்தைத் தொட்டுப் பார்த்தார். மற்றவர்களும் சுகமோ என்று கேட்டார். சுகம், எல்லோரும் சுகம்.

பிறகு அந்தக் கேள்வி. ஏன் ஓடவில்லை?

மதி என்னைப் பார்த்தாள். "ஏதும் சொல்லிச் சமாளிக்கட்டே அம்மா?"

"வேண்டாம். உள்ளதைச் சொல்லு. பிளேன் பதிஞ்சு வந்தா எங்களுக்குப் படுக்கத்தான் தெரியும் எண்டு சொல்லு. சண்டைக்குள்ளை பழகினது எண்டு சொல்லு."

சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று நினைத்தேன். பிறகு மதியிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"இனிமேல் ஓடச் சொல்லுறார் அம்மா. பிளேன் பதிஞ்சு வந்தா எல்லாரும் ஓடட்டாம்."

அழுதுகொண்டுதான் சொன்னார். நான் ஓம் என்றேன். இந்த உடம்பு கேட்குமோ தெரியாது.